உங்க கடை இருக்குன்னு யார் சாட்சி?

(எபிசோடோட எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுல வந்த இழுவை, திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாம் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடி.)

அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்தோட வடமேற்கு மூலையில ரூரல் டெலிபோன் சர்வீஸ்னு ஒரு சின்ன கம்பெனி. தன்னோட வாடிக்கையாளர்களுக்காக அது வருஷாவருஷம் ஒரு டைரக்டரி போடும். அந்தப் புத்தகத்துல சில பேருக்கு பேரும் ஊரும் நம்பரும் இருக்கும், ஆனா ஆளு மட்டும் இருக்க மாட்டாங்க. கம்பெனியே இட்டுக்கட்டிச் சேர்த்த பேருங்க அது. யாராவது நம்ம புத்தகத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சா, இந்த இல்லாத ஆளுங்களும் அங்கே போய் உட்காருவாங்க, கையும் களவுமா பிடிச்சிடலாம்னு கணக்கு.

கணக்கு தப்பல. ஃபைஸ்ட் பப்ளிகேஷன்ஸ்னு இன்னொரு கம்பெனி போட்ட பெரிய டைரக்டரியில அப்படி நாலு பேர் மாட்டினாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. தீர்ப்பு என்னங்கிறதைப் பின்னாடி சொல்றேன். இன்னைக்கு உங்க தெருமுனை டெய்லர் கடையை நீங்க கூகுள்ல தேடி, அது சரியான இடத்துல புள்ளியா வந்து நிக்குதுன்னா, இல்ல தப்பான இடத்துல நிக்குதுன்னா, அதுல இந்த நாலு பேருக்கும் பங்கு இருக்கு.

இன்னைக்கு விஷயம் சைட்டேஷன். கல்லூரி ஆராய்ச்சிக் கட்டுரையில வர்ற சைட்டேஷன் இல்ல. ஒரு கடையோட பேர், முகவரி, போன் நம்பர், இந்த மூணும் சேர்ந்து கடைக்காரரோட சொந்த வெப்சைட்டைத் தவிர வேற எங்கேயாவது எழுதியிருந்தா, அதுக்குப் பேர் லோக்கல் சைட்டேஷன். பிசினஸ் டைரக்டரி, ஊர் வணிகர் சங்கத்தோட பக்கம், ஒரு செய்தி, எதுவா வேணா இருக்கலாம். லிங்க் கூட வேண்டியதில்ல, எழுதியிருந்தா போதும். இதை சர்ச் இன்ஜின் எப்படிக் கண்டுபிடிக்குது, எப்படி நம்புதுங்கிறது கேட்க போரிங்கான மார்க்கெட்டிங் வேலை மாதிரி இருக்கும். எனக்கு இது 350 வருஷக் கதையாத்தான் தெரியுது.

1677ல லண்டன்ல சாமுவேல் லீங்கிறவர் ஒரு சின்ன புத்தகம் அச்சடிச்சார். லண்டன் நகரத்துலயும் சுத்துவட்டாரத்துலயும் இருக்கிற வணிகர்களோட பேரும், அவங்க எந்த இடத்துல இருக்காங்கங்கிறதும் மட்டும்தான் உள்ளே. லண்டனோட முதல் வணிக டைரக்டரின்னு அதைத்தான் சொல்றாங்க. அதுல நமக்கு வேண்டிய ஒரு விவரம் இருக்கு. அந்தக் காலத்து லண்டன்ல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தெருப் பேரு, பக்கத்துல இருக்கிற சர்ச், வாசல்ல தொங்குற படம் போட்ட பலகை, இதை வெச்சுத்தான் இடத்தைச் சொல்லணும். நம்ம ஊர்ல இன்னைக்கும் "பிள்ளையார் கோயில் எதிரில்", "பழைய தியேட்டர் பின்புறம்"னு எழுதுறோம் இல்லையா, அதே டெக்னாலஜி. எண் போடுற பழக்கம் அங்கே 1760கள்லதான் பரவலா வந்துச்சு.

அதுக்கப்புறம் டைரக்டரி போடுறது ஒரு தொழிலாவே ஆயிடுச்சு. பிரிட்டிஷ்காரங்க போன இடமெல்லாம் அதுவும் போச்சு. மெட்ராஸ்லயும் 19ஆம் நூற்றாண்டுல அசைலம் பிரஸ் அல்மனாக்னு ஒண்ணு வந்துட்டிருந்துச்சு. பஞ்சாங்கமும் டைரக்டரியும் கலந்த மாதிரி. பட்டியல்ல பேர் இருந்தா, கப்பல்ல வந்து இறங்குற வெளியாளுக்கு உங்களைத் தெரியும். இல்லேன்னா நீங்க அந்தத் தெருவுக்கு மட்டும் சொந்தம்.

அப்புறம் டெலிபோன் வருது. 1878 பிப்ரவரியில கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன்ல வெளிவந்த முதல் டெலிபோன் டைரக்டரி ஒரே ஒரு தாள், அதுல 50 பதிவுகள். நம்பர் எதுவும் கிடையாது, ஏன்னா தேவையில்ல. போனை எடுத்து ஆபரேட்டர் கிட்ட ஆளோட பேரையோ கடையோட பேரையோ சொன்னா இணைப்பு கொடுப்பாங்க. அந்த ஒரு தாள்லயே வீடு, டாக்டர், கடைன்னு தனித்தனியா பிரிச்சிருந்தாங்க. யெல்லோ பேஜஸோட விதை அங்கேயே இருக்குன்னு சொல்லலாம்.

ஆபரேட்டர்னு சொன்னேன் இல்லையா, இங்கே ஆல்மன் ஸ்ட்ரோஜரைப் பத்திச் சொல்லாம போக முடியாது. கான்சாஸ் சிட்டியில இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்ற தொழில் அவருக்கு. ஊர்ல அதே தொழில் பண்ற போட்டியாளர் ஒருத்தர். அந்தப் போட்டியாளரோட சொந்தக்காரப் பொண்ணு எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தாங்க, ஸ்ட்ரோஜரைக் கேட்டு வர்ற காலை எல்லாம் அந்தப் பக்கமே திருப்பி விட்டாங்கங்கிறது வழிவழியா சொல்லப்படுற கதை. கதையில எவ்வளவு உப்பு, எவ்வளவு புளின்னு விட்டுடுவோம். ஆனா அவர் கண்டுபிடிச்சது நிஜம். ஆபரேட்டரே இல்லாம தானா இணைப்பு கொடுக்கிற ஸ்விட்ச்சுக்கு 1891ல அவருக்குக் காப்புரிமை கிடைச்சது. 1892ல இண்டியானா மாநிலம் லா போர்ட்ல அந்த முறையில முதல் எக்ஸ்சேஞ்ச் ஓடுச்சு. உலகம் முழுக்க ஆட்டோமேட்டிக் டெலிபோன் அந்த விதையிலேர்ந்து வந்ததுதான். கஸ்டமருக்கும் கடைக்கும் நடுவுல நிக்கிற ஆளு சரியான ஆளா இருக்கணுமேங்கிற பயம், இந்தத் தொழில்ல அப்பவே இருந்துச்சு.

1886ல சிகாகோவுல ரூபன் டொனெல்லி, தொழில் வாரியா பிரிச்ச டைரக்டரியைக் கொண்டு வந்தார். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி வயோமிங்ல ஒரு அச்சகத்துல வெள்ளைத் தாள் தீர்ந்து போய் மஞ்சள் தாள்ல அடிச்சாங்க, அதுலேர்ந்துதான் யெல்லோ பேஜஸ்னு பேர் வந்துச்சுன்னும் ஒரு கதை உண்டு. தொழில் வாரியா, அகர வரிசையில பேர் வந்ததும் வேடிக்கை ஆரம்பிச்சது. பிளம்பர் பக்கத்தைத் திறந்தா முதல்ல வர்ற கடை "ஏ பிளம்பிங்". அதை முந்த "ஏஏ பிளம்பிங்". அதையும் முந்த "ஏஏஏ பிளம்பிங்". சர்ச் இன்ஜின்ல முதல் இடம் பிடிக்கிற வித்தையை 1990கள்ல யாரோ கண்டுபிடிச்சாங்கன்னு நினைக்காதீங்க. அதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

இப்போ 1972. நெப்ராஸ்கா மாநிலம் ஓமாஹா. ஐஐடி கரக்பூர்ல படிச்சுட்டு அமெரிக்கா போன வினோத் குப்தா, வண்டியில இழுத்துட்டுப் போற மொபைல் வீடு தயாரிக்கிற ஒரு கம்பெனியில வேலை பார்த்துட்டிருந்தார். நாடு முழுக்க அந்த வீடுகளை விக்கிற டீலர்கள் யார் யார்னு ஒரு பட்டியல் வேணும்னு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. அவர் என்ன பண்ணார்னா, அமெரிக்காவுல இருக்கிற யெல்லோ பேஜஸ் புத்தகம் எல்லாத்தையும் வரவழைச்சார். ஆயிரக்கணக்குல புத்தகம் ஆபீஸ் வாசல்ல வந்து குவிஞ்சது. முதல்ல இதை இங்கேயிருந்து எடுன்னு சொல்லிட்டாங்க. எல்லாம் அவர் வீட்டு கராஜுக்குப் போச்சு. அங்கே உட்கார்ந்து தொகுத்த பட்டியலை வெளியில மத்தவங்களுக்கும் வித்தார். அமெரிக்கன் பிசினஸ் லிஸ்ட்ஸ்னு ஆரம்பிச்சு, பின்னாடி இன்ஃபோயூஎஸ்ஏ, அப்புறம் இன்ஃபோகுரூப், இப்போ டேட்டா ஆக்சில். அமெரிக்காவுல டைரக்டரி தளங்களுக்கும் மேப்புக்கும் கடைகளோட தகவலை மொத்தமா சப்ளை பண்ற பெரிய கம்பெனிகள்ல இது ஒண்ணு. இந்த மாதிரி கம்பெனிகளுக்கு டேட்டா அக்ரிகேட்டர்னு பேர். இவங்க மூலப்பொருள் என்னன்னு கவனிச்சீங்களா? டெலிபோன் புத்தகம்.

சரி, அடுத்தவன் புத்தகத்துலேர்ந்து எடுக்கலாமா கூடாதா? இப்போ அந்தக் கான்சாஸ் வழக்குக்கு வருவோம்.

ஃபைஸ்ட், 11 டெலிபோன் கம்பெனிகளோட ஏரியாவைச் சேர்த்து ஒரே டைரக்டரியா போட நினைச்சது. 11 பேர் கிட்டயும் காசு கொடுக்கிறோம், லிஸ்ட் கொடுங்கன்னு கேட்டாங்க. 10 பேர் சரின்னாங்க. ரூரல் மட்டும் முடியாதுன்னுச்சு. ஃபைஸ்ட் அதையும் எடுத்துப் போட்டுச்சு. அந்தப் பெரிய புத்தகத்துல 46,878 பதிவு. அதுல 1,309 பதிவு ரூரல் புத்தகத்துல இருந்தது மாதிரியே இருந்துச்சு. நம்ம நாலு பேரும் அதுக்குள்ள உட்கார்ந்திருந்தாங்க.

1991 மார்ச்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஏகமனதா தீர்ப்பு சொல்லுச்சு. எழுதினவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். ஒருத்தர் பேரு, ஊரு, நம்பர் எல்லாம் உண்மைத் தகவல், உண்மைக்கு யாரும் காப்பிரைட் கொண்டாட முடியாது. அகர வரிசையில அடுக்குறதுல படைப்புன்னு எதுவும் இல்ல. வேர்வை சிந்தித் தொகுத்தோம்ங்கிறதுக்காக மட்டும் உரிமை வராது. ரூரல் தோத்துடுச்சு. காப்பி அடிச்சதைப் பிடிச்சும் தோத்துடுச்சு!

நாலு வருஷம் கழிச்சு, 1995ல, நம்ம சுப்ரீம் கோர்ட்லயும் ஒரு யெல்லோ பேஜஸ் வழக்கு வந்துச்சு. டெலிபோன் டைரக்டரி போடுற உரிமை எங்களுக்குத்தான்னு எம்டிஎன்எல் ஒரு பக்கம். கடைகளோட விளம்பரத்தைத் தொகுத்துப் புத்தகம் போட்ட டாடா பிரஸ் இன்னொரு பக்கம். வணிக விளம்பரமும் பேச்சுரிமைக்குள்ள வரும்னு சொல்லி டாடா பிரஸ் பக்கம் தீர்ப்பு. காரணம் வேற, சட்டம் வேற. ஆனா கடைகளோட பட்டியலுக்கு ஒரே ஒரு முதலாளிதான் இருக்கணும்னு இல்லைங்கிறது இங்கேயும் முடிவாச்சு. அடுத்த வருஷமே மும்பையில ஜஸ்ட் டயல் ஆரம்பிச்சது, போன் பண்ணிக் கேட்டா கடை நம்பர் சொல்ற சேவையா. யெல்லோ பேஜஸ் புத்தகம் எங்க வீட்டுலயும் இருந்துச்சு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அது கம்ப்யூட்டர் மானிட்டருக்கு முட்டுக் கொடுத்து நின்னதைத்தான் பார்த்திருக்கேன்.

ஃபைஸ்ட் தீர்ப்புக்கப்புறம் அமெரிக்காவுல தகவல் தண்ணி மாதிரி ஓட ஆரம்பிச்சது. புத்தகத்துலேர்ந்து சிடிக்கு, சிடியிலேர்ந்து வெப்சைட்டுக்கு, ஒரு வெப்சைட்லேர்ந்து இன்னொண்ணுக்கு. ஒருத்தர் அக்ரிகேட்டர் கிட்ட வாங்குவார், அவர் கிட்டேயிருந்து நாலு பேர் வாங்குவாங்க, அவங்க பக்கத்துலேர்ந்து பத்துப் பேர் சும்மாவே எடுத்துப்பாங்க. உங்க கடை பத்தின ஒரு வரி, உங்களைக் கேட்காமலே இருபது இடத்துல முளைக்கும்.

இங்கேதான் சர்ச் இன்ஜின் உள்ளே வருது.

2002ல கூகுள் ஒரு புரோகிராமிங் போட்டி வெச்சது. ஒரு குவியல் வெப் பக்கங்களைக் கொடுத்து, இதை வெச்சு சுவாரசியமா ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னாங்க. 10,000 டாலர் பரிசு ஜெயிச்சவர் டேனியல் எக்னார். பக்கங்களுக்குள்ள எழுதியிருக்கிற தெரு முகவரிகளைக் கண்டுபிடிச்சு, அமெரிக்க சென்சஸ் துறை இலவசமா கொடுக்கிற டைகர்ங்கிற தெரு வரைபடத் தகவலோட ஒப்பிட்டு, ஒவ்வொரு முகவரியையும் அட்சரேகை தீர்க்கரேகையா மாத்தினார். அதை வெச்சு, இந்த ஏரியாவுக்குள்ள இந்த வார்த்தை வர்ற பக்கங்கள்னு தேட முடிஞ்சது. இதைப் படிச்சப்போ எனக்குள்ள இருக்கிற இன்ஜினியருக்கு ஒரே சந்தோஷம். ஒரு முகவரி எழுத்தா இருக்கிற வரைக்கும் அது மெஷினுக்கு வெறும் சத்தம். புள்ளியா மாறின நிமிஷம் அது இடம்.

2004ல கூகுள் லோக்கல் வந்துச்சு. யெல்லோ பேஜஸ் தகவலையும் வெப் பக்கங்களையும் பொருத்திப் பார்த்துத்தான் அது வேலை செஞ்சது. அப்போ ஒரு கேள்வி. ஒரே ஏரியாவுல பத்து பல் டாக்டர் இருந்தா யாரை முதல்ல காட்டுறது? சாதாரண சர்ச்சுல எத்தனை பக்கம் லிங்க் கொடுத்திருக்குன்னு பார்ப்பாங்க. பல் டாக்டருக்கு யார் லிங்க் கொடுப்பா? பாதிப் பேருக்கு வெப்சைட்டே கிடையாது. அதனால லிங்க் இல்லாட்டியும் எத்தனை இடத்துல இந்தப் பேரு வருது, எங்கெல்லாம் வருதுன்னு பார்க்கிற வழியை எடுத்தாங்க. அந்தக் காலத்துல கூகுள் விண்ணப்பிச்ச காப்புரிமைகள்லயே "லொகேஷன் ப்ராமினன்ஸ்"னு இதுக்கு ஒரு பேர் வரும். இடத்தோட பிரபலம்னு வெச்சுக்கலாம். கடைக்காரங்களுக்கான கூகுளோட சொந்த உதவிப் பக்கமே லிங்க், கட்டுரை, டைரக்டரி எல்லாத்துலேர்ந்தும் இந்தப் பிரபலத்தைக் கணிக்கிறோம்னு ரொம்ப வருஷம் சொல்லிட்டிருந்துச்சு.

கோர்ட் சாட்சி மாதிரிதான். ஒருத்தர் சொன்னா வதந்தி. தனித்தனியா அஞ்சு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னா நம்பலாம். ஆனா இந்த அஞ்சு பேரும் ஒருத்தர் வாயைப் பார்த்துச் சொன்னவங்களா இருந்தா? 1991க்கு அப்புறம் டைரக்டரிகள் ஒண்ணையொண்ணு காப்பி அடிச்சு வளர்ந்த உலகத்துல, இருபது டைரக்டரி ஒரே முகவரியைச் சொல்லுதுங்கிறது இருபது சாட்சியா, ஒரே சாட்சியோட இருபது ஜெராக்ஸா? மெஷினுக்கு இதைப் பிரிச்சுப் பார்க்கிறது லேசு இல்ல. இந்தத் துறையோட எல்லாப் பிரச்சினையும் இந்த ஒரு இடத்துலேர்ந்து கிளம்புறதாத்தான் நான் நினைக்கிறேன்.

இதுல இன்னொரு படி இருக்கு. ரெண்டு வரி ஒரே கடையைப் பத்தினதுதானான்னு முடிவு பண்றது. இதுக்கு ரெக்கார்ட் லிங்கேஜ்னு பேர். 1946ல அமெரிக்காவோட பிறப்பு இறப்புப் புள்ளிவிவரத் துறையில இருந்த ஹால்பர்ட் டன் இந்தச் சொல்லை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். 1969ல கனடாவுல ஃபெலெகி, சண்டர் ரெண்டு பேரும் அதுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தாங்க. எளிமையா சொன்னா, அபூர்வமான விஷயம் ஒத்துப்போனா நிறைய மார்க், பொதுவான விஷயம் ஒத்துப்போனா கொஞ்சம் மார்க். "முருகன் ஸ்டோர்ஸ்"னு பேர் ஒத்துப்போனா அதுல என்ன இருக்கு? தெருவுக்கு ஒரு முருகன் ஸ்டோர்ஸ். போன் நம்பர் ஒத்துப்போச்சுன்னா, கிட்டத்தட்ட முடிஞ்சது. அதனாலதான் விளம்பரத்துக்கு ஒரு நம்பர், போர்டுல ஒரு நம்பர்னு வெச்சிருக்கிற கடைங்க மெஷின் கண்ணுக்கு ரெண்டா உடைஞ்சு போகும். சாட்சிகளும் ரெண்டு பக்கமா பிரிஞ்சுடுவாங்க.

முகவரி நம்ம ஊர்ல இதைவிட மோசம். சென்னையில எந்தப் பழைய தெருவுக்கு வேணா போய்ப் பாருங்க, "புதிய எண் 14, பழைய எண் 7". ஒரு டைரக்டரியில 14 மட்டும், இன்னொண்ணுல 7 மட்டும், மூணாவதுல 14/7. ஊர்ப் பேரை இங்கிலீஷ்ல எழுதுறது தனிக் கூத்து. திருவல்லிக்கேணியும் டிரிப்ளிகேனும் ஒண்ணுன்னு நமக்குத் தெரியும், மெஷினுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கணும். 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பேர்களோட இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி அரசாணை போட்டு, சில நாள்லயே வாபஸ் வாங்கினாங்க. மொழி விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு டேட்டா இன்ஜினியரா அந்த வாரம் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

எங்க சித்தப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கார். வாடகை ஏத்திட்டாங்கன்னு ரெண்டு தெரு தள்ளிக் கடையை மாத்தினார். போன் நம்பர் அதேதான். பழைய இடத்துல ஒரு செல்போன் கவர் கடை வந்துடுச்சு. ஆனா மேப்பைப் பார்த்து வர்றவங்க மோட்டாரைத் தூக்கிட்டு அந்தக் கவர் கடை வாசல்ல போய் நிப்பாங்க. அஞ்சு ஹெச்பி மோட்டார் என்ன கனம் இருக்கும்னு தூக்கிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். "ஏம்ப்பா, ஒன்றரை வருஷம் ஆச்சு, உன் கூகுளுக்கு இன்னும் சேதி போகலையா?"ன்னு ஒரு நாள் என்கிட்ட கேட்டார். மேப்ல போய் மாத்தினோம். ரெண்டு வாரத்துல திரும்பப் பழைய முகவரிக்கே போயிடுச்சு. அப்புறம் தேடிப் பார்த்தா, பதினொரு டைரக்டரி பக்கத்துல பழைய முகவரி. பாதியில ஒரே மாதிரி எழுத்துப்பிழை, "ரீவைண்டிங்"ல ஒரு எழுத்தை விட்டுட்டாங்க. அந்தப் பிழைதான் எங்களுக்கு ரூரல் கம்பெனியோட நாலு பேர். எல்லாரும் எங்கேயிருந்து எடுத்திருக்காங்கன்னு அதை வெச்சே தெரிஞ்சது. மூலப் பக்கத்தையும் மத்தவங்க அதிகமா எடுக்கிற இன்னும் ரெண்டு பக்கத்தையும் திருத்தினோம். மிச்சத்தைத் தொடவே இல்ல. மூணு மாசம் ஆச்சு, ஆனா அப்புறம் மேப் பழைய இடத்துக்குத் திரும்பல.

300 டைரக்டரியில உங்க கடையைப் போடுறோம், இவ்வளவு ரூபாய்னு விக்கிறவங்க நிறைய பேர் உண்டு. ஆரம்பத்துல அது வேலை செஞ்சதுங்கிறது உண்மை. 2008ல டேவிட் மிம்ங்கிறவர் லோக்கல் சர்ச் வேலை பார்க்கிறவங்க கிட்டக் கேட்டு, எது எவ்வளவு பலன் தருதுன்னு ஒரு சர்வே தொடங்கினார். அந்த ஆரம்ப வருஷங்கள்ல சைட்டேஷனுக்கு நல்ல மதிப்பு. வருஷம் போகப் போக ரிவ்யூ மேலே ஏற, சைட்டேஷன் கீழே இறங்கிடுச்சு. அந்த 300ல பெரும்பாலானதை சர்ச் இன்ஜின் பார்க்கிறதே இல்ல. பல டைரக்டரிகள்ல தேடல் பெட்டியில டைப் பண்ணாத்தான் கடையோட பக்கம் வரும். கிராலர் டைப் பண்ணாது, லிங்க்கைப் பிடிச்சுத்தான் போகும். எந்தப் பக்கத்துலேர்ந்தும் லிங்க் இல்லாத பக்கம் கிணத்துக்குள்ள போட்ட கல்லு. 2005ல சைட்மேப் வந்தப்புறம் பக்கங்களோட பட்டியலை நேராவே கொடுக்க முடிஞ்சது. ஆனாலும் வந்து பார்க்கிறது வேற, எடுத்து வெச்சுக்கிறது வேற. பேரு, முகவரி, நம்பர், சுத்தி விளம்பரம், அவ்வளவுதான்னா படிச்சுட்டு அப்படியே விட்டுட்டுப் போயிடும். அந்தப் பக்கத்தை நடத்துறவங்களுக்கே கூகுள் கொடுக்கிற ரிப்போர்ட்ல இது தெரியும், வந்து பார்த்தாச்சு, ஆனா இண்டெக்ஸ்ல சேர்க்கலைன்னு. 2011 ஜூன்ல கூகுள், பிங், யாஹூ மூணும் சேர்ந்து ஸ்கீமா டாட் ஆர்க் கொண்டு வந்தாங்க. இது பேரு, இது தெரு, இது நம்பர்னு மெஷினுக்குப் புரியுற மாதிரி குறிச்சு வைக்கிற முறை. அது படிக்கிறதைச் சுலபமாக்கும். நம்ப வைக்காது. குறிச்சு வெச்ச பொய்யும் பொய்தான்.

நம்பினதால என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு வழக்கு. வர்ஜீனியாவுல செர்பியன் கிரவுன்னு ஒரு ரெஸ்டாரண்ட், சுமார் நாற்பது வருஷமா நடந்தது. ஊருக்கு வெளியே, காரை எடுத்துட்டுத் தேடித்தான் போகணும். சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறைன்னு கூகுள்ல தப்பா போட்டிருந்தாங்க, 2012 தொடக்கத்துலேர்ந்து வார இறுதிக் கூட்டம் சட்டுனு விழுந்துடுச்சுங்கிறது முதலாளியோட புகார். 2013ல கடையை மூடினார், கூகுள் மேல வழக்குப் போட்டார். இதுல அடிப்படையே இல்லைன்னு கூகுள் மறுத்துச்சு. கடை மூடினதுக்கு அது ஒண்ணுதான் காரணமான்னு வெளியில இருந்து யாரும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா வார இறுதியை நம்பி நடக்கிற கடைக்கு "விடுமுறை"ங்கிற ஒரு வார்த்தை என்ன பண்ணும்னு கற்பனை பண்ண பெரிய கணக்கு தெரிய வேண்டியதில்ல.

இத்தனைக்கும் கடைசியில கூகுள் எந்தச் சாட்சியை நம்பினதுன்னு பாருங்க. கடைக்காரங்க தங்களோட பதிவைத் தாங்களே உரிமை கோரலாம்னு 2005ல வந்தப்போ, முகவரி நிஜமான்னு உறுதி பண்ண வழிகள்ல ஒண்ணு போஸ்ட் கார்டு. ரகசிய எண் அச்சடிச்ச அட்டை தபால்ல வரும், தபால்காரர் கொண்டு வந்து கொடுப்பார், அந்த எண்ணைத் திரும்ப டைப் பண்ணணும். இத்தனை கோடிப் பக்கத்தைப் படிக்கிற மெஷின், சந்தேகம்னு வந்தா ஒரு தபால்காரரைத்தான் அனுப்புச்சு.

இப்போ பல கடைகளுக்கு வீடியோ கேட்கிறாங்க. தெருப் பேர் தெரியணும், பேர்ப்பலகை தெரியணும், கடை உங்களோடதுதான்னு காட்ட, பூட்டைத் திறந்து உள்ளே போறதை எடுக்கணும். சித்தப்பாவும் எடுத்தார், நான்தான் போனைப் பிடிச்சேன். முதல் தடவை ஷட்டர் பாதியில சிக்கிக்கிச்சு. "இதை கட் பண்ணிடுப்பா"ன்னார். அதுல கட் பண்றதுக்கு வழி இல்ல, ஒரே டேக்ல எடுக்கணும். இறக்கி, பூட்டி, தெருமுனைக்குப் போய், முதல்லேர்ந்து நடந்து வந்தோம்.